நடுவருக்குக் கொடுத்த சம்மதம்

ஜெயசித்ரா என்றால் வாய்க்காரி என்று ஊருக்கே தெரியும். திருமானூரில் பிறந்து, அரியலூருக்குக் கிழக்கே வாக்கப்பட்டு வந்தவள். புருஷன் போன கையோடு நிலத்துக்கு அடிபோட்ட பங்காளிகளை ஒற்றை ஆளாக நின்று விரட்டியவள். அப்பேர்ப்பட்டவள் இப்போது மத்தியானம் வெடிச்சத்தம் கேட்டாலே கிணற்றடிக்கு ஓடிப் பார்க்கிறாள்.

மேலக்காட்டை வெடிவைத்துச் சுண்ணாம்புக்கல் வெட்ட ஒரு கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டிருந்தாள். படுபாவிகள் எல்லைக்கல்லையும் தாண்டித் தோண்டிக்கொண்டு கிணற்றுக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டார்கள். இன்னும் கொஞ்சம் வந்தால் கிணறும் போச்சு, வீடும் போச்சு. தகராறு என்றால் கோர்ட்டுக்குப் போகாமல் நடுவரை வைத்துத் தீர்த்துக்கொள்வதாக ஒப்பந்தம். கம்பெனி சொன்ன நடுவர், பெரம்பலூர் அரங்கநாதன்.

மகள் பிரவீணா திருச்சியில் சட்டம் படிக்கிறாள். லீவுக்கு வந்தவள், வகுப்பில் பேசவேண்டியதை அம்மாவிடம் சொல்லிப் பார்த்தாள்.

"இங்கிலாந்துல இப்பத்தாம்மா நடுவர் சட்டத்தைத் திருத்துனாங்க. நடுவரா வர்றவரு தனக்கு யாரோட என்ன தொடர்புன்னு முன்னாடியே சொல்லிடணும். நம்ம நாட்டுத் திருத்தம் இன்னும் கறார். கம்பெனிக்கு ஆலோசகரா இருக்குறவரு, சொன்னாலும் நடுவரா உக்கார முடியாது."

ஜெயசித்ராவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அப்ப அரங்கநாதன் சாரு?"

"அவரு கம்பெனி ஆலோசகர்தான? முடியாது. தகராறு வந்தப்புறம் நாமளே 'இவரே இருக்கட்டும்'னு எழுதிக் குடுத்தாத்தான் உண்டு. எந்தக் கிறுக்கு குடுக்கும்?"

ஜெயசித்ரா வாசலைப் பார்த்தாள். வெள்ளிக்கிழமைதான் அந்த மனுஷன் வீடு தேடி வந்து, மோர் வாங்கிக் குடித்தார். "நான் அந்தக் கம்பெனிக்கும் யோசனை சொல்றவன்தாம்மா. ஒங்களுக்கு ஆட்சேபம் இல்லியே?" என்று பதவிசாகக் கேட்டுக் காகிதத்தை நீட்டினார். வாசல் ஏறி வந்தவர் முகத்துக்கு நேரே நம்பிக்கையில்லை என்று எப்படிச் சொல்வது? ஊர்ப் பஞ்சாயத்தில் இரண்டு பக்கமும் பழகியவர்தானே தீர்ப்புச் சொல்கிறார்? கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாள்.

"குடுத்துட்டேன்டி," என்றாள்.

பிரவீணாவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"இங்கிலாந்துல இதுக்கு ஏதாச்சும் வழி வெச்சிருக்கானா?" என்று கேட்டாள் அம்மா.

"அங்கயும் தெரிஞ்சே சம்மதிச்சுட்டு, அப்பறம் மாத்திப் பேச முடியாதும்மா."

"அவரு நல்லவருடி. மறைக்காமத்தான சொன்னாரு," என்றாள் ஜெயசித்ரா. சொல்லும்போதே அவளுக்குப் பயமாக இருந்தது.