வலது காலில் டாக்டர், இடது காலில் தூளி

மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் தொழிலில் நம் சொந்தச் சரக்கு எதுவும் கிடையாது. அமெரிக்காவில் ஒரு டாக்டர் பேசிப் பதிவு செய்ததை ஹெட்போனில் கேட்டு அப்படியே டைப் செய்ய வேண்டும். கீழே வருவதிலும் ஒன்று நான் நேரில் பார்த்ததல்ல, அக்கா சொன்னது. ஒரு கண் கம்ப்யூட்டரிலும் ஒரு கண் அடுப்பிலுமாக வேலை பார்த்தவர்களுக்கு மற்றதெல்லாம் தானே புரியும்.

இரண்டு கால்கள்

எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். பிரசவத்துக்குப் பிறகு அக்கா எங்கள் ஊர் மேட்டுப்பாளையம் சோப்பு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. மாமா லாரியோடு போனால் எப்போது வருவார் என்று தெரியாது. அம்மா விடிந்ததும் பிள்ளைச்சாவடி கடற்கரைக்கு, விற்பதற்கு மீன் எடுக்கப் போய்விடுவார். குழந்தையைப் பார்க்க ஆளில்லை. அதனால் நெல்லித்தோப்பு வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி கேட்டேன். தரம் குறைந்தால் ஆபீசுக்கே திரும்ப வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்தார்கள்.

டாக்டரின் பேச்சை ஓட்டவும் நிறுத்தவும் காலடியில் ஒரு பெடல் உண்டு. அதற்கு வலது கால். தூளிக் கயிறு இடது கால் கட்டைவிரலில். குழந்தை சிணுங்கி இடது கால் வேகமெடுத்தால் வலது காலும் கூடவே ஆடும்; டாக்டர் திக்கித் திக்கிப் பேசுவார். ஜன்னல் வழியே பார்த்த பக்கத்து வீட்டு செல்வி அக்கா, "தூளி ஆட்டத்தான் டிகிரியாப்பா? எங்க வூட்டுக்காரரு எட்டாவது ஃபெயிலு, அவரே நல்லா ஆட்டுவாரே!" என்றார்.

விசில்

ஹெட்போன் மாட்டினால் குக்கர் விசில் கேட்காது. செல்வி அக்காதான் அந்தப் பக்கமிருந்து எண்ணி, போதும் என்றால் சுவரில் கரண்டியால் தட்டுவார். மேசை அதிர்வதில் எனக்குத் தெரிந்துவிடும். ஒருநாள் அவர் ரேஷன் கடைக்குப் போனது எனக்குத் தெரியாது. பருப்பு அடிப்பிடித்துக் கரியானது. வேலையிலிருந்து திரும்பிய அக்கா அதையே பிசைந்து சாப்பிட்டுக்கொண்டு சொன்னாள்: "பருப்பு தீஞ்சா தீயட்டும்டா. டாக்டரைத் தீச்சுடாத, என் வேலையும் சேர்ந்து போயிடும்."

கோடுகள்

தெளிவாகக் கேட்காத இடத்தில் ஊகித்து எழுதக் கூடாது, கோடு போட்டு விட்டுவிட வேண்டும். யாரோ ஒரு நோயாளியின் மருந்து அளவை ஊகிக்க எனக்குப் பயம். ஒரு டாக்டரின் பதிவில் மட்டும் பாத்திரம் உருளும், குழாயில் தண்ணீர் கொட்டும். பெடலை நிறுத்திப் பார்த்தாலும் சத்தம் இருந்தது. தெருவில் எல்லார் வீட்டுக் குழாயிலும் தண்ணீர் வரும் நேரம் அது. எங்கள் வீட்டுச் சத்தம்தான் ஹெட்போனுக்குள் வருகிறது என்று நினைத்து ஜன்னலைச் சாத்தினேன், ஹெட்போன் மேல் துண்டைச் சுற்றினேன். கோடுகள் குறையவில்லை. கடைசியில் ஆபீஸ் மேடம் போன் செய்தார்: "ரிப்போர்ட் அனுப்புறியா, கோலம் போட்டு அனுப்புறியா? உன் வீட்டுல ஒரே சத்தம்போல. திங்கட்கிழமை ஆபீசுக்கு வந்துடு."

அக்கா சொன்னது

நான் ஆபீசுக்குத் திரும்ப வேண்டியிருந்ததால், அக்கா வேலையிலிருந்து நின்றுகொள்வதாகச் சொல்லப் போனபோது அவள் சூப்பர்வைசர் திட்டவில்லையாம். யூனிபார்ம் கோட்டை மட்டும் திருப்பிக் கேட்டாராம். அவள் அதை முந்தின நாளே துவைத்து, மடித்து எடுத்துப் போயிருந்தாள். "கொழந்தையப் பாத்துக்க ஆளு கெடச்சா வாம்மா. எடம் இருந்தா பாக்கலாம்" என்றாராம்.

திரும்பக் கேட்டது

ஆபீஸ் ஏசி அறையில் குண்டூசி விழுந்தால் கேட்கும். ஒருநாள் ஹெட்போனில் அதே டாக்டர் வந்தார். அதே பாத்திரம், அதே குழாய். வீட்டில் நான் டைப் செய்த பழைய பதிவுகளையும் எடுத்துக் கேட்டேன். நான் கோடு போட்ட இடங்களிலெல்லாம் அந்தச் சத்தம் உள்ளேயே இருந்தது. மேடத்தைக் கூப்பிட்டு ஹெட்போனைக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுக் கழற்றினார். "அடப்பாவி, மனுஷன் பாத்திரம் கழுவிக்கிட்டே பேசுறாருப்பா!"

நான் மறுபடி வீட்டிலிருந்து வேலை பார்த்தால் அக்கா கம்பெனிக்குத் திரும்பலாமே என்று அன்று மாலையே மேட்டுப்பாளையத்துக்குப் போய் விசாரித்தேன்: வீட்டு வேலையும் ஆபீஸ் வேலையும் ஒன்றாகப் பார்த்த டாக்டர் அமெரிக்காவில் இன்னும் டாக்டராகவே இருக்க, இங்கே அக்காவின் இடத்துக்கு ஆள் எடுத்திருந்தார்கள்.