இசக்கிதுரை முடுக்கிய போல்ட்

பிரானூரில் மரம் அறுக்கும் மில்களுக்கு நடுவே இசக்கிதுரையின் பட்டறை இருக்கிறது. ராணுவத்தில் இருபத்திரண்டு வருஷம் வண்டி பழுது பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். புளியறை செக்போஸ்ட்டில் வரிசையில் நிற்கும் லாரி டிரைவர்களைக் கேட்டுப் பாருங்கள், அவர் முடுக்கிய போல்ட்டை இன்னொருத்தன் தொட்டுப் பார்க்க வேண்டியதில்லை என்பார்கள். மனுஷருக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. அந்தப் பெயருக்குச் சோதனை வந்தது போன ஆடி மாசம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில்.

வடகரைக்குப் போகிற வழியில் ஒரு பிளாட் போட்ட இடம். வீடு ஒன்றுகூட எழும்பவில்லை, தார் ரோடு மட்டும் ஒரு கிலோமீட்டருக்கு நேராகக் கிடக்கிறது. உரிமையாளரிடம் சொல்லிவிட்டு, இரண்டு பக்கமும் கயிறு கட்டி, பச்சை நிறத்தில் ஒரு பழைய மாருதி எண்ணூறைக் கொண்டு வந்து நிறுத்தியிருந்தார்கள். உடம்புதான் எண்ணூறு. உள்ளே இருந்தது பெரிய காரிலிருந்து எடுத்து இசக்கிதுரை பூட்டிய ஆயிரத்து முந்நூறு சிசி எஞ்சின். முப்பத்தேழு குதிரை இழுத்த வண்டியை இப்போது எண்பத்தைந்து குதிரை இழுத்தது. பின் சீட்டு, ஸ்டெப்னி, கதவின் உள்அட்டை எல்லாவற்றையும் எடைக்காகக் கழற்றிப் போட்டிருந்தார்கள். வேகத்தில் வண்டியைத் தரையோடு அமுக்கிப் பிடிக்கப் பின்னால் ஒரு ரெக்கை.

வண்டிக்குச் சொந்தக்காரன் கௌரிசங்கர், தென்காசியில் பல் டாக்டர். கை பல்லைப் பிடுங்கினாலும் மனசு கார்பரேட்டரில் கிடக்கும். இரண்டு வாரத்தில் கோயம்புத்தூர் டிராக்கில் இந்த வண்டியை ஓட்டப் போகிறான். ரெக்கைக்குக் கணக்குப் போட்டவள் சண்முகப்பிரியா, சுரண்டைப் பக்கம் காற்றாலையில் எஞ்சினியர். வேலையே காற்றோடுதான். போன வாரம் வண்டி முழுக்கக் கம்பளி நூலைத் துண்டு துண்டாக ஒட்டி, கணவாய்க் காற்றுக்கு எதிரே வண்டியை நிறுத்தி, நூல் எப்படிப் பறக்கிறது என்று ஒரு மணி நேரம் பார்த்தாள்.

"வண்டிக்கு என்னம்மா, சடை பின்னப் போறியா?" என்று இசக்கிதுரை கேலி பண்ணினார்.

"ஆடிக்காத்துல அம்மியே பறக்கும்னு சொல்லுதிய, வண்டி பறக்காதா அண்ணாச்சி?" என்று அவள் திருப்பிக் கொடுத்தாள். ரெக்கை நாலு டிகிரி சாய்ந்திருந்தால் போதும், அதற்கு மேல் போகக் கூடாது என்று வெள்ளிக்கிழமை அளந்து நிறுத்திவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை சாயங்காலம் பட்டறையில் யாரும் இல்லை. இசக்கிதுரை ரெக்கையைச் சுற்றிச் சுற்றி வந்தார். படுத்துக் கிடக்கிற மாதிரி இருந்தது அவர் கண்ணுக்கு. தன் கையால் இத்தனை பாடுபட்டு அடித்த ரெக்கை இப்படிப் படுத்துக் கிடந்தால் என்ன வேலை செய்யும்? குழம்புக்கு உப்புப் பார்க்கத் தெரிந்த கைக்கு அளவுக் கரண்டி எதற்கு? தாங்குகிற தகட்டில் மேலே ஒரு துளை போட்டு, ரெக்கையின் பின்விளிம்பைத் தூக்கி முடுக்கினார். பழைய துளையை வாஷர் வைத்து மறைத்தார். மறைத்தபோதே ஒரு உறுத்தல் இருந்தது. நாளைக்கு வண்டி நன்றாக ஓடியதும் சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம் என்று அதை அமுக்கிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பிரியா எஞ்சின் பெல்ட்டைப் பார்த்தாள், டயர் காற்றைப் பார்த்தாள். ரெக்கைப் பக்கம் போகவே இல்லை. அண்ணாச்சி முடுக்கினது, அதில் பார்க்க என்ன இருக்கிறது?

கௌரிசங்கர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஜன்னல் வழியாக வழக்கமான கேள்வியைக் கேட்டான். "போலாமா அண்ணாச்சி?" மூன்று வருஷமாக அவரைக் கேட்காமல் அவன் ஆக்சிலேட்டரை மிதித்ததில்லை.

"நம்ம கை பட்ட வண்டி. கண்ண மூடிக்கிட்டுப் போ."

முதல் ஓட்டம் எண்பதில். மேற்கே மலையைப் பார்த்துப் போய், திரும்பி வந்து நின்றான். முகமெல்லாம் பல். "ஸ்டியரிங் என்ன லேசு தெரியுமா! வெண்ணெய் மாதிரி. ஒத்த விரல்ல திருப்பலாம். இப்ப நூத்தி நாப்பதுல போறேன்."

இசக்கிதுரை சட்டென்று ரெக்கையைத் திரும்பிப் பார்த்தார். வேகம் ஏறினால் ஸ்டியரிங் இறுகத்தான் வேண்டும். லேசாகிறது என்றால் முன் சக்கரம் தரையை விடப் பார்க்கிறது. பின்னால் ரெக்கை அமுக்குகிற அமுக்கில், ஊஞ்சல் பலகை மாதிரி முன்பக்கம் எழும்புகிறது. எண்பதிலேயே இப்படி என்றால் நூற்று நாற்பதில் என்ன ஆகும்? எதிர்க்காற்று வேறு ஏறிக்கொண்டே இருந்தது. பிளாட் எல்லையில் நட்டிருந்த கொடிகள் படபடவென்று அடித்தன.

பிரியா நெற்றியைச் சுருக்கினாள். "லேசாவா இருந்துச்சு? அப்படி வராதே. என் கணக்குதான் எங்கயோ தப்பிருச்சோ?"

அந்தப் பிள்ளை தன்னையே சந்தேகப்பட்டதைப் பார்த்ததும் இசக்கிதுரைக்குப் பொறுக்கவில்லை. இப்போதே சொல்லிவிடலாம். சொன்னால் பிரானூரிலிருந்து புளியறை வரைக்கும் என்ன பேச்சு ஓடும்? அளந்து வைத்ததைத் திருட்டுத்தனமாக மாற்றிவிட்டு ஒருத்தன் உயிரை ரோட்டில் விடப் பார்த்தான் என்று ஓடும். யாருக்கும் தெரியாமல் சரி பண்ண முடியுமா என்று பார்த்தார்.

"ஆயில் கொஞ்சம் எறங்கட்டும் தம்பி. நீங்க ரெண்டு பேரும் முக்குக் கடையில ஒரு டீ குடிச்சிட்டு வாங்க. நான் வண்டியப் பாத்துக்கிடுதேன்."

"டீயெல்லாம் பெறவு. சாரல் வந்துட்டா ரோடு நனைஞ்சிரும்" என்றான் கௌரிசங்கர்.

"பிளக் சத்தம் சரியில்ல."

பிரியாவே பிளக்கைக் கழற்றிக் காட்டினாள். செங்கல் நிறத்தில், குறை சொல்ல ஒன்றுமில்லாமல் இருந்தது. முன் டயரில் காற்றுக் குறைவு என்றார். அளந்தார்கள், குறையவில்லை. வண்டி விஷயத்தில் பொய்யே சொல்லாத வாய்க்கு மூன்றாவது பொய்க்கு மேல் ஒன்றும் வரவில்லை. கௌரிசங்கர் சீட் பெல்ட்டை மாட்டினான். எஞ்சின் உறுமியது. மலைப் பக்கமிருந்து ஒரு காற்று வந்து பிரியாவின் துப்பட்டாவைச் சுருட்டி முகத்தில் அடித்தது.

"போலாமா அண்ணாச்சி?"

இசக்கிதுரை வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. கௌரிசங்கர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு கியரைப் போட்டான். வண்டி ஒரு முழம் நகர்ந்தது.

இசக்கிதுரை போய் வண்டிக்கு முன்னால் நின்றார். இரண்டு கையையும் பானெட்டில் ஊன்றினார். கௌரிசங்கர் பதறிப் பிரேக்கை மிதித்தான்.

"என்ன செய்யுதிய? ஏறியிருப்பேன்லா!"

"எஞ்சினை அணை." என்றார். "ரெக்கைய நான் மாத்திட்டேன். நேத்து சாயங்காலம். பிரியா வச்ச அளவுல அது இல்ல."

எஞ்சின் நின்றது. பிரியா பின்னால் போய் அளவுக் கருவியை ரெக்கை மேல் வைத்தாள். வாஷரை விரலால் தள்ளி, அடியில் இருந்த பழைய துளையைப் பார்த்தாள்.

"பதிமூணு டிகிரி" என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள். திட்டியிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

கௌரிசங்கர் இறங்கி வந்து அந்தத் துளையையே பார்த்துக்கொண்டு நின்றான். வீட்டில் அவனுக்கு இரண்டு வயதில் ஒரு குழந்தை. ஹெல்மெட்டைக் கழற்றினான். பிறகு நிமிர்ந்து மெதுவாகக் கேட்டான்.

"வேற என்னத்தையெல்லாம் மாத்துனிய அண்ணாச்சி?"

இசக்கிதுரை கன்னத்தில் அறை வாங்கியவராக நின்றார். "வேற ஒண்ணும் இல்ல தம்பி. சத்தியமா." அது உண்மைதான். ஆனால் அந்த உண்மைக்கு இப்போது சாட்சி வேண்டியிருந்தது. ஊரில் எத்தனையோ பேர் அவர் சொல்லை நம்பி வண்டியை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். ஒருத்தரும் இப்படி முகத்தைப் பார்த்து நின்றதில்லை.

பிரியா ரெக்கையைப் பழைய துளையில் மாட்டி நாலு டிகிரிக்கு நிறுத்தினாள். அதோடு விடுவாள் என்று நினைத்தார். அவள் கருவிப் பெட்டியைத் திறந்து, இறுக்கம் சரியாக இருந்தால் டிக்கென்று சத்தம் கொடுக்கிற ஸ்பேனரை எடுத்தாள். எடுத்துவிட்டுத் தயங்கினாள்.

"அண்ணாச்சி... தப்பா நெனைச்சுக்கிடாதிய."

"நெனைக்கதுக்கு என்ன இருக்கு? எல்லாத்தையும் பாத்துரு" என்றார். "வலது முன்வீல்ல இருந்து ஆரம்பி."

ஒவ்வொரு சக்கரமாகப் போனாள். அவர் பின்னாலேயே போய் வீல் மூடியைக் கழற்றிக் கொடுத்தார். பதினாறு நட்டும் டிக்கென்றன. ஸ்டியரிங் மூட்டு, பிரேக் குழாய், எஞ்சின் தாங்கி எல்லாவற்றையும் பார்த்தாள். ஒன்றுகூடத் தளர்ந்திருக்கவில்லை. பட்டறை போட்ட நாளிலிருந்து அவர் வேலையை இன்னொரு கை சோதிப்பதை அவர் பார்த்ததே இல்லை.

காற்று சற்றுத் தணிந்திருந்தது. கௌரிசங்கர் மறுபடியும் ஏறி உட்கார்ந்தான். ஹெல்மெட்டை மாட்டி, பெல்ட்டை இழுத்துப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினான். இசக்கிதுரை பழக்கதோஷத்தில் ஒரு அடி முன்னால் வந்தார்.

அவன் கண் அவரைத் தாண்டிப் போனது.

"போலாமா பிரியா?"

இசக்கிதுரைக்கு வலித்தது, நன்றாகவே வலித்தது. வந்த அடியைப் பின்னால் வைத்துவிட்டு, அவரும் பிரியாவின் முகத்தைப் பார்த்தார். அவள் என்ன சொல்லப் போகிறாள் என்பது அவருக்கும் தெரிய வேண்டியிருந்தது.