கோதண்டபாணியின் கிராணித் தாத்தா

விருத்தாசலத்தில் பீங்கான் ஃபியூஸ் கட்டை செய்கிற சின்னப் பட்டறை வைத்திருக்கும் கோதண்டபாணியை ஊரில் மலேயா கோதண்டபாணி என்றால்தான் தெரியும். மனிதர் வேப்பூரைத் தாண்டிப் போவதே அபூர்வம். மலேயா போனது அவருடைய தாத்தா. அந்தப் பெருமையைத்தான் பேரன் இத்தனை வருஷமாக உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தார்.

அங்கே யார் யார் எதற்குப் போனார்கள் என்று அவரிடம் கேட்டுவிட்டால் போதும், பிடித்துக்கொள்வார். சீனர்கள் ஈயம் தோண்டப் போனார்களாம். பஞ்சாபிகள் காவலுக்கு, செட்டியார்கள் வட்டிக்கு, யாழ்ப்பாணத்தார் ரயில்வே உத்தியோகத்துக்கு. நம் பக்கத்து ஆட்கள் சோற்றுக்கு வழியில்லாமல் கூலிக்கு ஆள் பிடிக்கிற கங்காணி பின்னால் போய் ரப்பர் மரத்தில் பால் வெட்டினார்களாம். "எங்க தாத்தா அந்தக் கும்பல் இல்ல. தொரையே ஆளனுப்பிக் கூப்புட்டாரு, கிராணி வேலைக்கு" என்பார். கிராணி என்றால் தோட்டத்துக் கணக்கர். பட்டறையில் களிமண் பிசைகிற பீகார் ஆட்களைப் பொழைக்க வந்தவனுங்க என்று திட்டியது போக மிச்ச நேரத்தில்தான் இந்தப் பேச்சு.

மகள் பூங்கோதைக்கு மலேசியாவிலிருந்தே வரன் வந்தது. மாப்பிள்ளை பெயர் சேரன். கம்மாபுரம் பக்கத்திலிருந்து அந்தக் காலத்தில் பால்வெட்டப் போன குடும்பம். இருவரும் போனில் பேசிப் பேசி மனசு ஒத்துப்போயிருந்தார்கள். கோதண்டபாணிக்குத்தான் குறை: கூலிக்குப் போன வீட்டுக்குக் கிராணி வீட்டுப் பெண்ணா?

பெண் பார்க்க வந்த இடத்தில் சேரனின் அப்பா பழமலைநாதன் தங்கள் தோட்டத்து ஐயனார் கோயிலைச் செல்போனில் காட்டினார். அவர் மேலே பேசுவதற்குள் கோதண்டபாணி முந்திக்கொண்டு, இது எங்கள் குலசாமியாயிற்றே, கிராணியாக இருந்தபோது எங்கள் தாத்தா கட்டின கோயில் என்று அளந்துவிட்டார்.

பழமலைநாதன் முகம் செத்துப்போயிற்று. "இது எங்க வகையறா கட்டுன கோயிலுங்க. வேற யாரும் அங்க படைக்கிறதில்ல. உங்களுக்கும் குலசாமின்னா நாம பங்காளி. பொண்ணு இவனுக்குத் தங்கச்சி முறை ஆவுது" என்று எழுந்துவிட்டார்.

கோதண்டபாணிக்கு இரண்டே வழிதான். சொன்னது பொய் என்று ஒப்புக்கொண்டால் கிராணி போய்விடுவார், ஒப்புக்கொள்ளாவிட்டால் மாப்பிள்ளை போய்விடுவான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பாவி மனிதர் நின்று யோசித்தார்.

பூங்கோதை காபித் தட்டைக் கீழே வைத்தாள். "எங்க குலசாமி இங்க வேப்பூர் பக்கத்து மங்களூர் பச்சைவாழியம்மனுங்க. அப்பாவோட தாத்தா பால்வெட்டத்தான் போனாரு. காய்ச்சல் கண்டு திரும்பிட்டாரு. கோயில் ஒண்ணும் கட்டல."

பழமலைநாதன் கோதண்டபாணியைப் பார்த்தார். "பொண்ணு சொல்றது நெசமா? நீங்க சொல்லுங்க."

"ஆமாங்க" என்றார் கோதண்டபாணி. "கூலிக்குத்தான் போனாரு."

"எங்க தாத்தா மட்டும் வேற எதுக்குப் போனாரு?" என்று பழமலைநாதன் மறுபடி உட்கார்ந்தார்.

அன்றைக்கே தட்டு மாற்றினார்கள். வீடே சிரித்துக்கொண்டிருக்க, பெண்ணைப் பெற்றவர் மட்டும் தாத்தா இன்றைக்குத்தான் செத்ததுபோல ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார்.