இசபெல் கேட்ட மேசை

விஸ்வநத்தத்துச் செவிலியரான இசபெல், ஆலயத் திருவிழாவில் ஆண்டுதோறும் மேசை போட்டு, சங்குசக்கரப் பட்டாசு வடிவ வண்ணத் தேங்காய் மிட்டாய் விற்பார். அதன் காகித உறைகளை ஊர்க் குழந்தைகளே வெட்டி ஒட்டுவார்கள். பட்டாசு ஆலையில் வேலை செய்யும் கணவர் பெனிட்டோவின் விரல்களில் வெள்ளிப்பொடி படிந்திருந்ததைக் கண்ட யாரோ, ஆலைச் சாயமே மிட்டாயில் சேர்கிறது என்று புகார் செய்ய, இவ்வாண்டு இசபெல்லுக்கு மேசை மறுக்கப்பட்டது. தேதியிட்டு எழுதிய செய்முறை நோட்டை அவர் விழாச் செயலர் சத்தியநாதனிடம் நீட்டினார்.

"நோட்டுல சரியாத்தாம்மா இருக்கு. சட்டியில என்ன போடுறீகன்னு யாரு கண்டா?"

"அப்ப சட்டியவே பாருங்க சார்."

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆலய வாசலில் அடுப்பு மூட்டினார். குழந்தைகள் பிழிந்த பீட்ரூட் சாற்றில், எல்லார் கண்முன்னும் தேங்காய்ப்பூ சிவந்தது. மிட்டாய் ஒன்றைத் தின்ற சத்தியநாதன் இரண்டாவதற்குக் கை நீட்டினார்.

"நல்லாருக்கும்மா. மேசை போட்டுக்கோங்க."

இசபெல் தட்டைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அத எழுதிக் குடுங்க சார். பெறகு சாப்பிடலாம்."