தொண்ணூற்றாறாவது பொம்மை

டென்டல் லேபில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். தலையில் மாட்டிய உருப்பெருக்கிக் கண்ணாடியைச் சாப்பிடும்போதுகூடக் கழற்ற மறந்துவிடுவாள் என்பதால் வந்த பெயர் அது. இருபத்திரண்டு வருடங்களாக ஊராரின் வாய்க்குப் பல் செய்து, பக்கத்துப் பல்லின் நிறத்துக்குச் சாயம் ஏற்றிக்கொண்டிருக்கிறாள். வெள்ளையில் பதினாறு வெள்ளை உண்டு என்பாள். வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க வந்தவர் அதைக் கேட்டுவிட்டுப் பாதி வேலையிலேயே போய்விட்டார்.

மூன்றாம் மாடியில் இருந்த அந்த வீட்டின் அலமாரிக் கதவுக்கு உட்புறம் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அதில் ஒன்று முதல் தொண்ணூற்றாறு வரை எண்கள். எண்ணுக்குப் பக்கத்தில் பொம்மையின் பெயர், அதற்குப் பக்கத்தில் பெயிண்ட் அடித்து முடித்த தேதி. லேபை விட்டுப் போன ஒருவர் கொடுத்துச் சென்ற பலகை ஆட்டப் பெட்டியில் வந்தவை அந்தப் பொம்மைகள். கட்டைவிரல் உயரத்தில் வாள்வீரர்கள், குட்டிப் பூதங்கள், எலும்புக்கூடுகள். எல்லாம் வெறும் சாம்பல் நிறப் பிளாஸ்டிக். தொண்ணூற்றாறாவது மட்டும் உள்ளங்கை அளவு. அது டிராகன்.

பெட்டியைத் திறந்த அன்று, ஆட குறைந்தது மூன்று பேர் வேண்டும் என்று விதிப் புத்தகத்தில் படித்தாள். வீட்டில் இருந்தது இரண்டு பேர்: அவளும், பஸ் ஓட்டும் அவள் கணவரும். அவள் கொழுந்தனுக்கு போன் செய்தாள்.

"தம்பி, ஒரு ஆட்டத்துக்கு ஒரு ஆள் குறையுது. ஞாயித்துக்கிழமை வர்றியா?"

அண்ணனும் தம்பியும் பேசி அப்போது நான்கு வருடம் இரண்டு மாதம் ஆகியிருந்தது. அவர்கள் அப்பாவின் கடைசி நாளில் ஆஸ்பத்திரியில் யார் இருந்திருக்க வேண்டும் என்ற சண்டையில் நின்றுபோன பேச்சு அது. இருவருமே அன்று அங்கே இல்லை. அதனால் இருவருக்குமே தீரவில்லை.

"அண்ணன் இருப்பாரா?"

"இருப்பாரு. ஆனா அவரு மந்திரவாதியா இருப்பாரு."

கொழுந்தன் வந்தான். முதல் ஞாயிறு இருவரும் ஒருவரையொருவர் பார்த்துப் பேசவில்லை. "மந்திரவாதி கொஞ்சம் நகர்ந்தா வீரன் உள்ள போகலாம்" என்று பொம்மைகள் மூலம் பேசிக்கொண்டார்கள். ஏழாவது ஞாயிறு, கீழே உருண்ட ஒரு பகடையைத் தேடி இருவரும் மேசைக்கடியில் குனிந்தபோது மண்டை முட்டிக்கொண்டது. "கண்ணு தெரியலயாடா?" என்றார் அண்ணன். அன்றிலிருந்து நேரடிப் பேச்சு.

பெயிண்ட் அடிக்காத பொம்மை மேசைக்கு வரக் கூடாது என்ற விதியைப் போட்டவன் கொழுந்தன்தான். சாம்பல் பொம்மையைக் கொல்ல மனசு வரவில்லை என்றான். அவள் சந்தோஷமாகத் தலையாட்டினாள். மூன்று வாரத்துக்கு ஒன்று, சில சமயம் இரண்டு என்று, பல்லுக்குப் பயன்படுத்தும் மூன்று முடிப் பிரஷ்ஷாலேயே கண்ணும் நகமும் வரைந்தாள். ஐந்து வருடத்தில் தொண்ணூற்றைந்து முடிந்தது. ஆட்டத்தின் இருபத்து நான்கு அத்தியாயங்களில் இருபத்து மூன்றும் முடிந்தன. கடைசி அத்தியாயத்துக்கு டிராகன் வேண்டும்.

அங்கேதான் அவள் கை நின்றது.

ஆட்டம் முடிந்தால் கொழுந்தன் எதற்காக வருவான் என்ற கேள்வியை அவளால் தாண்ட முடியவில்லை. அண்ணனும் தம்பியும் ஞாயிறு மூன்று மணிக்கு இந்த மேசையில் மட்டுமே சந்தித்தார்கள். இடையில் ஒரு போன்கூடக் கிடையாது. ஆட்டத்தை எடுத்துவிட்டால் மறுபடி ஆஸ்பத்திரிப் பேச்சுதான் மிஞ்சும் என்று அவள் பயந்தாள்.

அதனால் டிராகனுக்குப் பெயிண்ட்டுக்கு முன் பூசும் பிரைமரை மட்டும் அடித்து அலமாரியின் பின்வரிசையில் வைத்தாள். "கை வலிக்குது", "பச்சை தீர்ந்துபோச்சு", "இந்த ஈரத்துல பெயிண்ட் காயாது" என்று வாரத்துக்கு ஒன்றாகச் சொன்னாள். சும்மாவும் இருக்க முடியவில்லை. வேறொரு பெட்டி வாங்கினாள், அதில் அறுபத்தொன்று. பதினான்கு மாதத்தில் அதில் முப்பத்து நான்கை முடித்துவிட்டாள். கை வலிக்கிறவள் எப்படி முப்பத்து நான்கை முடித்தாள் என்று இரண்டு ஆண்பிள்ளைகளும் கேட்கவில்லை. பழைய அத்தியாயங்களையே திரும்பத் திரும்ப ஆடினார்கள்.

ஒரு புதன்கிழமை லேபில் பல் சுடும் சூளை பழுதாகிவிட, மூன்றரை மணிக்கே வீடு திரும்பினாள். புதன் அவள் கணவருக்கு விடுமுறை நாள். வாசலில் அவர் செருப்புக்குப் பக்கத்தில் இன்னொரு ஜோடி, கொழுந்தனின் கிரீஸ் படிந்த ஷூ. புதன்கிழமையில் அந்த ஷூவை அவள் அங்கே பார்த்ததே இல்லை. யாருக்கு என்ன ஆனதோ என்று கதவைத் தள்ளினாள்.

மேசை விளக்கின் கீழ் இரண்டு நரைத்த தலைகள் ஒட்டிக்கொண்டிருந்தன.

"டேய், கண்ணுக்கு மஞ்சளா, சிவப்பா?"

"அண்ணே, மொதல்ல கண்ணு எங்க இருக்குன்னு கண்டுபிடி."

கண் இல்லை. செதிலும் இல்லை. பாட்டிலில் இருந்ததை ஒரு சொட்டுத் தண்ணீர் கலக்காமல் அப்படியே அப்பியிருந்தார்கள். போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கும் முதலை மாதிரி இருந்தது டிராகன்.

"ஐயோ! என்ன பண்ணி வச்சிருக்கீங்க ரெண்டு பேரும்?"

கணவர் பிரஷ்ஷை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். "உனக்குத்தான் கை வலின்னு... அதான் இவன வரச் சொன்னேன்."

"நீங்க போன் பண்ணீங்களா? இவனுக்கா?"

"நாலு வாரமா புதன்புதன் வர்றேன் அண்ணி," என்றான் கொழுந்தன். "பழைய சோப்பு டப்பாவுல பழகிட்டுத்தான் இதுல கை வச்சோம்."

அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். திட்டுவதற்காகத் திறந்த வாயில் வேறு வார்த்தை வந்தது. "கை வலியெல்லாம் ஒண்ணுமில்ல. ஆட்டம் முடிஞ்சா நீ வரமாட்டியோன்னு பயம்."

கொழுந்தன் பிரஷ்ஷைக் கீழே வைத்தான். "அண்ணி, நான் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்டே இல்லாத வீட்டுக்கு ஆறு வருஷமா மூணு மாடி ஏறி வர்றேன். இந்தப் பல்லிக்காகவா?"

"டிராகன்டா," என்றார் அண்ணன்.

"நீ அப்பினதுக்கப்புறம் பல்லிதான்."

தண்டனையாக டிராகனை ஸ்பிரிட்டில் ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் சுரண்டும் வேலையை இருவரிடமும் கொடுத்தாள். இரண்டு புதன் ஆயிற்று. பிறகு அவள் உட்கார்ந்தாள். ஐந்து வாரத்தில் முந்நூற்றுச் சொச்சம் செதிலுக்கும் தனித்தனியே ஓரம் வைத்து முடித்தாள். கண் மஞ்சள். அலமாரித் தாளில் தொண்ணூற்றாறுக்கு எதிரே தேதி ஏறியது.

அந்த ஞாயிறே கடைசிப் போர். மந்திரவாதி இரண்டாம் சுற்றிலேயே செத்தார்; அதற்குத் தம்பிதான் காரணம் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். ஐந்தேகால் மணிக்கு டிராகன் விழுந்தது. கொழுந்தன் ஷூவை மாட்டிக்கொண்டு "வரேன்" என்றான். அடுத்த ஞாயிறு பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. அந்தப் புதனும் யாரும் வரவில்லை. ஒரு பெரிய கட்டடத்தில் லிஃப்ட் சிக்கிக்கொண்டதாகக் கணவர் சொன்னார். தம்பியிடம் போனில் கேட்டுத்தானே அவர் அதைச் சொல்கிறார் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். ஆனாலும் வாரம் நீளமாக இருந்தது.

ஞாயிறு வந்தது. மேசை மேல் ஒன்றுமில்லை. கணவர் செய்தித்தாளைப் படித்த பக்கத்தையே படித்துக்கொண்டிருந்தார். மூன்று அடித்துப் பத்து நிமிடம் கழித்துப் படிக்கட்டில் காலடிச் சத்தம். மொத்தம் ஐம்பத்து நான்கு படி. முப்பத்தாறாவது படியில் ஒருமுறை நின்று மூச்சு வாங்கியது. பிறகு ஏறியது.

கொழுந்தன் வெறுங்கையோடு உள்ளே வந்தான். காலி மேசையைப் பார்த்தான்.

"இன்னைக்கு என்ன ஆட்டம்?"

"ஒண்ணுமில்ல," என்றார் அண்ணன்.

"அப்ப நிம்மதி. நகர்ந்து உக்காரு."

அவள் உள்ளே போனாள். அலமாரியிலிருந்து இரண்டாவது பெட்டியை எடுத்து வந்து மேசையில் கவிழ்த்தாள். மீதமிருந்த இருபத்தேழு சாம்பல் உருவங்கள். ஆளுக்கொரு பிரஷ், ஆளுக்கொரு கிண்ணம் தண்ணீர்.

"ஆளுக்கு ஒம்போது," என்றாள். தலையிலிருந்த கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கினாள். "தண்ணி கலக்காம எவனாவது தொட்டீங்க, கைய ஒடிச்சிடுவேன்."

"என்னையும் சேத்தா எவன்கிற?" என்றார் கணவர்.

"உங்களத்தான் மொதல்ல."