மடக்கிய விரலும் நகைக்கடை விளம்பரமும்

போனில் பார்க்கும் எங்கள் பஸ் நேரப் பக்கத்தின் உச்சியில் ஒரு வேல் இருக்கிறது. வீட்டுப் பூஜை அலமாரியில் நிற்கும் பித்தளை வேலைத்தான் போட்டோ எடுத்துப் போட்டேன். "அண்ணி, மொத்தப் பக்கத்துலயும் அதான் நல்ல இடம். அங்க ஒரு விளம்பரம் வெச்சா ஜாஸ்தி பேர் பாப்பாங்க" என்று என் கொழுந்தன் எத்தனையோ தடவை சொல்லிவிட்டான். "அந்த எடத்துக்கு ஆள் வந்தாச்சுப்பா" என்று நானும் அத்தனை தடவை சொல்லிவிட்டேன்.

நான் பத்தாவதோடு நின்றவள். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பல வருஷம் பேஸ்டிங்கில் இருந்தேன். தோல் துண்டுகளின் ஓரத்தில் பசை தடவி, மடித்து ஒட்டி, தையலுக்குத் தள்ளிவிடும் வேலை. இடுப்பு வலி வந்து வீட்டோடு இருக்கும்படி ஆயிற்று. இருந்தாலும் மனசு ஷிப்டு விடும் நேரத்தில் கம்பெனி கேட்டுக்குப் போய் நின்றுவிடும். அங்கே எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: வண்டி இன்றைக்கு எங்கே வரும்?

எங்கள் கிராமத்து வண்டிகளின் குணம் அப்படி. சில நாள் பைபாஸ் நிறுத்தத்துக்கு வரும். சில நாள் பஸ் ஸ்டாண்டிலிருந்தே திரும்பிப் போய்விடும். கம்பெனி கேட்டிலிருந்து பைபாஸ் ஒரு பக்கம், பஸ் ஸ்டாண்டு எதிர்ப்பக்கம். தப்பான பக்கம் நடந்தவளுக்கு வண்டி போனது போனதுதான்.

கண்டக்டர்களில் சிலர் எனக்குப் பழக்கம். மதியம் போன் போட்டுக் கேட்டு வாட்ஸ்அப் குழுவில் எழுதிவந்தேன். காலை வணக்கப் படங்களுக்கும் பிறந்தநாள் கேக்குகளுக்கும் நடுவில் என் செய்தி புதைந்து போகும். என் கொழுந்தன் வேலூரில் கடைக்காரர்களுக்கு வெப்சைட் செய்து கொடுப்பவன். "தனியா ஒரு பக்கம் பண்ணித் தர்றேன் அண்ணி, நீங்க எழுதினா போதும்" என்றான். பண்ணியும் கொடுத்தான். அந்த நன்றி எனக்கு இன்றும் உண்டு. காலையில் குளித்து விளக்கேற்றி, நெற்றியில் விபூதி இட்ட பிறகுதான் அந்தப் பக்கத்தைத் தொடுவேன். வேலுக்குக் கீழே ஒடுகத்தூர், பேரணாம்பட்டு, திருப்பத்தூர் என்று ஊருக்கு ஒரு பட்டன். அழுத்தினால் அன்றைக்கு வண்டி எந்த இடம், எத்தனை மணி என்று வரும். பேரணாம்பட்டிலிருந்து வரும் ஒரு பாய் வீட்டுப் பெண் சொன்னாள்: "உங்க சாமி மேல இருக்கட்டும்க்கா, எங்க வண்டி கீழ இருக்கட்டும். ரெண்டும் டைமுக்கு வந்தா சரி."

முதலில் ஒரே ஒரு விளம்பரம், பக்கத்தின் அடியில். பக்கத்தை நடத்த ஆகும் செலவுக்கு என்றான் கொழுந்தன், ஒப்புக்கொண்டேன். பிறகு ஒடுகத்தூருக்கும் பேரணாம்பட்டுக்கும் நடுவில் ஒன்று வந்தது. ஒவ்வொரு ஊருக்கும் நடுவில் வந்தது. திரையின் அடியில் ஒட்டிக்கொண்டு கூடவே நகரும் ஒன்று வந்தது. பஸ் ஸ்டாண்டுத் தூணில் போஸ்டர் மேல் போஸ்டர் ஒட்டி, வண்டி நம்பர் எழுதியதே தெரியாமல் போகுமே, அப்படி ஆனது என் பக்கம். கேட்டால், "பாத்துப் பழகிடுவாங்க அண்ணி" என்றான்.

அவனுக்கு ஒரே சந்தோஷம். நூறு பேர் பார்த்தால் அதில் எத்தனை பேர் விளம்பரத்தை அழுத்துகிறார்கள் என்று ஒரு கணக்கு உண்டாம். அதற்குக் கிளிக் ரேட் என்று பெயர். மற்ற ஊர்ப் பக்கங்களில் இல்லாத கிளிக் ரேட் என் பக்கத்தில் வந்தது. அதுவும் ஷிப்டு விடும் நேரத்தில், அவன் காட்டிய கணக்குப் படத்தில் கோடு மலை மாதிரி ஏறி நின்றது. "நம்ம ஜனத்துக்கு விளம்பரம்னா அவ்ளோ ஆசை அண்ணி. கடைக்காரங்ககிட்ட உங்க பக்கத்தைத்தான் காட்டறேன்" என்றான். முருகன் புண்ணியம் என்று நானும் இருந்துவிட்டேன்.

அப்போதுதான் ஒடுகத்தூர்க்காரி போன் செய்தாள். என் பக்கத்து டேபிளில் பேஸ்டிங் செய்தவள். அவள் ஊர் மலையடிவாரத்தில் கடைசிக் கிராமம். கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டு வருகிறவள். சாயங்கால வண்டியில் வீடு சேர்ந்தால்தான் அந்த அம்மாள் குழந்தையைப் பார்த்துக்கொள்வார். அதற்குப் பின்னால் ஆட்டைக் கட்ட வேண்டும், மாட்டைப் பார்க்க வேண்டும். அவரைக் குறை சொல்ல முடியாது.

"இன்னாம்மா, குரல் ஒரு மாதிரி இருக்குது?"

"வண்டிய வுட்டுட்டேன்க்கா. போன வாரமும் வுட்டேன். இன்னொரு வாட்டி லேட்டா வந்தா வேலைய வுட்டு நின்னுடுன்னு அத்த சொல்லிட்டாங்க."

"பக்கத்துல போட்டிருந்தேனே, பைபாஸ்னு?"

"எங்கக்கா பாக்க வுடுது? ஒடுகத்தூர அமுக்கினா நகைக்கடை தொறக்குது. அத மூடினா இன்னொரு நகைக்கடை. எனக்கு இன்னா, வளையல் வாங்கற மூஞ்சியா இது?"

சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்கு அந்தச் சிரிப்பு சரியாகப் படவில்லை. அந்த வேலை அவளுக்கு எவ்வளவு பெரிதென்று எனக்குத் தெரியும். புருஷன் பெங்களூர் போனவன், வரும்போது வருவான். வேலை போனால் தனக்கோ குழந்தைக்கோ அந்த வீட்டில் வாய்திறந்து எதையும் கேட்க முடியாது.

மறுநாள் இடுப்பில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு ஷிப்டு விடும் நேரத்துக்குக் கேட்டுக்குப் போனேன். அவள் வந்தாள். "எப்பவும் பாக்கற மாதிரி பாரு" என்றேன். போனை இடது கையில் பிடித்தாள். வலது கையின் ஆள்காட்டி விரலை மடக்கி, கணுவால் அழுத்தினாள்.

நான் எப்படி அதை மறந்தேன் என்று தெரியவில்லை. பேஸ்டிங்கில் இருப்பவளுக்கு விரல் நுனியெல்லாம் பசை காய்ந்து ரப்பர் மாதிரித் தோல் கட்டியிருக்கும். வீட்டுக்குப் போய் எண்ணெய் போட்டுத் தேய்த்தால்தான் உரியும். அந்த விரலை டச் போன் மதிக்காது. அதனால் எல்லாருமே கணுவால்தான் அழுத்துவோம். கணு பட்டையானது. பட்டன் மேல் வைத்தால் பக்கத்தில் இருப்பதன் மேலும் படும். போதாததற்கு விளம்பரம் கொஞ்சம் தாமதமாக வந்து இறங்குகிறது. அது இறங்கியதும் ஒடுகத்தூர் பட்டன் கீழே நகர்கிறது. அவள் கணு விழும் இடத்தில் நகைக்கடை நிற்கிறது. அதை மூடும் பெருக்கல் குறியோ கடுகளவு. கேட்டைச் சுற்றிப் பார்த்தேன். எல்லாப் பெண்களும் விரலை மடக்கிக்கொண்டு போனைக் குத்திக்கொண்டிருந்தார்கள். கொழுந்தன் காட்டிய மலை இதுதான்.

ஞாயிற்றுக்கிழமை அவன் சாப்பிட வந்தான். இலையில் சோறு போட்டுவிட்டே சொன்னேன், விளம்பரத்தையெல்லாம் எடுக்கச் சொல்லி.

"அண்ணி, கிளிக் சுத்தமா கம்மியாய்டும்."

"ஆவட்டும்."

"எப்டி அமுக்கினாலும் கிளிக் கிளிக்தானே? பேஜார் பண்ணாதீங்க."

"கோயில் வாசப்படில ஒருத்தன் தடுக்கி வுழுந்தா, சாமி கும்புட்டான்னு எழுதிக்குவியா நீ?"

என் வீட்டுக்காரர் ரசத்தைக் குடித்துக்கொண்டே, "நல்லாத்தான் கேக்கறா" என்றார். அவன் சிரிக்கவில்லை. கடைக்காரர்களிடம் இந்தக் கணக்கைக் காட்டித்தான் புது வேலை பிடித்துக்கொண்டிருந்தான்; அதில் அவன் மானமும் இருந்தது. "சரி, மத்ததையெல்லாம் எடுத்துடறேன். அந்த வேல் இருக்கற எடத்த மட்டும் குடுங்க. மேல ஒண்ணே ஒண்ணு" என்றான் இறங்கி வந்து.

"அதுவும் லேட்டா எறங்கும். கீழ இருக்கறத தள்ளும். முடியாது."

"அப்ப நீங்களே பாத்துக்குங்க" என்று மோர் வாங்காமல் எழுந்துவிட்டான்.

பார்த்துக்கொண்டேன். எனக்கு விளம்பரம் சேர்க்கத் தெரியாது. எடுக்கத் தெரிந்துகொள்ள மூன்று மத்தியானம் ஆயிற்று. முருகா என்று ஒவ்வொன்றாக நீக்கினேன். ஒரு தடவை திருப்பத்தூரே காணாமல் போய், மறுபடி எழுதி வைத்தேன். கடைசியில் ஒன்றை மட்டும் விட்டேன். எல்லா ஊரும் முடிந்த பிறகு, அடியில், சுற்றிலும் நல்ல இடைவெளியோடு. ஊர்ப் பட்டன்களைக் கணு முழுசாக உட்காரும் அளவுக்குப் பெரிதாக்கினேன்.

மலை சரிந்தது. அவன் அந்தப் படத்தை எனக்கு அனுப்பி, கீழே "திருப்தியா?" என்று கேட்டிருந்தான். "ரொம்ப திருப்தி" என்று அனுப்பினேன். பழைய கணக்கு இன்றுவரை திரும்பவில்லை. வரும் என்று யாருக்கும் நான் வாக்குக் கொடுக்கவில்லை. இப்போது அந்த அடி விளம்பரத்தை அழுத்துகிறவர் கொஞ்சம் பேர்தான். வண்டி எங்கே என்று பார்த்து முடித்த பிறகு, இறங்கி வந்து, வேண்டும் என்றே அழுத்துகிறவர்கள். அவர்களைக் கடைக்காரரிடம் காட்டு என்று கொழுந்தனிடம் சொல்லியிருக்கிறேன். இன்னும் முறைத்துக்கொண்டுதான் இருக்கிறான். கிருத்திகைக்குப் பாயசம் குடிக்க மட்டும் வந்துவிட்டான். அப்போதும் கை கழுவிக்கொண்டே, "அந்த மேல் எடம்..." என்று ஆரம்பித்தான். நான் தம்ளரை நிரப்பி நீட்டினேன்.

சாயங்காலம் விளக்கு வைத்துவிட்டுப் போனைப் பார்ப்பேன். ஒடுகத்தூர்க்காரிக்கு டைப் அடிக்க விரல் ஒத்துழைக்காது, குரலைத்தான் அனுப்புவாள். இன்ஜின் இரைச்சல், கண்டக்டர் விசில், யாரோ சீட்டுக்குச் சண்டை போடுவது, எல்லாவற்றுக்கும் நடுவில் அவள்:

"ஏறிட்டேன்க்கா. ஜன்னல் சீட்டு."

அலமாரியில் வேல் அசையாமல் நிற்கும். போனிலும் அப்படித்தான் நிற்கிறது. அதற்குக் கீழே இருக்கும் ஒரு ஊரும் இப்போது நகர்வதில்லை.