ஆறு நட்சத்திர லாட்ஜில் ஒரு சேவல்

முகோனோவில் மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கும் லுப்வாமா அண்ணனைக் கேட்காமல் அந்த வட்டாரத்தில் யாரும் பெண் கேட்கப் போவதில்லை. பகலெல்லாம் கிரீஸ் படிந்த கை. சடங்கு நாளில் வெள்ளைக் கன்சு அங்கியும் மேலே கோட்டும் போட்டுப் பாயில் உட்கார்ந்தால், ஆளே வேறு. பெண் கேட்கிற இடத்தில் மாப்பிள்ளை வாயைத் திறக்கவே கூடாது. அவனுக்கான பேச்சு முழுவதும் மாப்பிள்ளை வீட்டுப் பேச்சாளரான லுப்வாமாவுடையது. பெண் வீட்டுப் பேச்சாளர் எத்தனை வளைத்து வளைத்துக் கேட்டாலும் லுப்வாமா கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. பெண் இல்லாமல் திரும்பியதும் இல்லை.

இந்த முறை மாப்பிள்ளை கயெம்பா. அவனுக்குப் பார்த்த பெண் கியோட்டேரா பக்கம். தூரம் அதிகம். உறவுக்காரர்கள் காலையில் வேனில் வருவதாகச் சொல்லிவிட, லுப்வாமாவும் அவனும் முந்தின நாளே கிளம்பி வழியில் ஒரு சின்ன டவுனில் இறங்கினார்கள். லுப்வாமாவின் கக்கத்தில் ஒரு சேவல். பெண்ணின் அண்ணனுக்குக் கொடுக்க வேண்டிய சேவல் அது. மற்ற சீரில் ஒன்று குறைந்தால் பேசிச் சமாளிக்கலாம். மச்சான் சேவலை வாங்கிக்கொள்ளாவிட்டால் பெண் வெளியே வர மாட்டாள்.

லாட்ஜின் பலகையில் ஆறு நட்சத்திரம் வரைந்திருந்தது. உள்ளே குழாயைத் திருகினால் காற்று வந்தது. தலையணை சிமெண்டு மூட்டையாட்டம் இருந்தது. கீழே பாரில் பாட்டு. பாரின் விளக்கு ஜன்னலுக்குக் கீழே எரிந்துகொண்டே இருந்ததால், லாட்ஜுக்காரியின் சேவல் விடிந்துவிட்டது என்று நினைத்து மணிக்கொரு தரம் கூவியது. கயெம்பா எழுந்து எழுந்து உட்கார்ந்தான்.

"ஆறு நட்சத்திரமாம். ஒண்ணாவது எரியுதா பாருங்கண்ணே."

"வந்த வீட்டுல குறை சொல்லாதடா. படு."

காலையில் லுப்வாமா சமையல்காரன் டுங்குவைத் தேடிப் போனார். நேற்று அவனிடம்தான் சேவலைக் கொடுத்து, "பத்திரமா பாத்துக்கப்பா, காலையில வேணும்" என்று சொல்லியிருந்தார்.

"சேவல் எங்கப்பா?"

"ரெடிங்க ஐயா. வாழையிலையில கட்டி, கடலைக் குழம்பு விட்டு அவிச்சிட்டேன். எலும்புகூடக் கரையுது."

அவன்மேல் தப்பில்லை. அந்த ரோட்டில் சேவலோடு வந்து இறங்குகிறவர்கள் எல்லோரும் அதைச் சமைக்கத்தான் கொடுப்பார்கள். கயெம்பா படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"அண்ணே, நான் அப்படியே ஊருக்குத் திரும்பிடறேன்."

"நீ வாய மூடு. இன்னைக்கு நீ பேசக் கூடாத நாளு."

"கடையில ஒண்ணு வாங்கிட்டா?"

"இங்க கிடைக்கிறதெல்லாம் வெள்ளை பிராய்லரு. அதைக் கொண்டுபோய் நீட்டினா, என் தங்கச்சிய இவ்வளவுதான் மதிச்சீங்களான்னு கேப்பான்."

அந்த நேரம் பார்த்து ஜன்னலுக்குக் கீழிருந்து ராத்திரி கேட்ட அதே கூவல் வந்தது. லுப்வாமா எட்டிப் பார்த்தார். சிவப்பு உடம்பு, கறுப்பு வால், நல்ல கொண்டை. லாட்ஜுக்காரியை ஊரில் எல்லோரும் நலோங்கோ என்பார்கள். இரட்டைப் பிள்ளை பெற்றவளுக்கு அதுதான் பேர். சேவலை விலைக்குக் கேட்டதும் அவள் தலையசைத்து மறுத்தாள்.

"அதை விக்க மாட்டேன். என் பெட்டைங்களுக்கு அது ஒண்ணுதான் ஆம்பள."

லுப்வாமா அறைக்குப் போனார். திரும்பியபோது கன்சுவும் கோட்டும் போட்டிருந்தார். வரவேற்பு மேசைக்கு முன்னால் பாயை விரித்துக் காலை மடக்கி உட்கார்ந்தார்.

"இந்த வீட்டுல இருக்கிறவங்களுக்கெல்லாம் எங்க வணக்கம். நாங்க வழி தப்பி வந்தவங்க இல்ல."

நலோங்கோ மூன்று பெண்களைக் கட்டிக் கொடுத்தவள். அவள் உதட்டோரம் மெல்ல வளைந்தது. கையிலிருந்த துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"யாரு நீங்க? இங்க கல்யாண வயசுல பொண்ணு யாரும் இல்லையே."

"பொண்ணு இல்லீங்க. ஒரு பையன் இருக்கான். சிவப்பு. நல்லாப் பாடுவான்."

"அவன் பாட்டைக் கேட்டீங்களா?"

"ராத்திரி முழுக்க."

டுங்கு வாயைப் பொத்திக்கொண்டான்.

"என்ன குலம் நீங்க?" என்றாள் நலோங்கோ.

"சிறுத்தைக் குலம். நீங்க?"

"வெட்டுக்கிளி."

"அப்போ பெண் கேக்குற முறைப்படி என்னை முதல்ல உங்க குலத்துப் புள்ளையா ஏத்து, உங்க வீட்டுல பிறக்க வைங்க. இந்த வீட்டுல பிறந்தவன்தானே இங்க வந்து கேக்க முடியும். ரெட்டைப் புள்ள பெத்தவங்களுக்கு இன்னொண்ணு பாரமா?"

"இவ்வளவு வழுக்கையோடயா பொறப்ப?"

"பச்சப் புள்ளைங்களுக்கு முடி எங்க இருக்கு, அம்மா?"

அவளுக்குச் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "என் பெட்டைங்க கதி?"

"அடுத்த சனிக்கிழமைக்குள்ள முகோனோவிலேருந்து ஒரு மருமகனை அனுப்புறேன். இவனைவிட இளசு."

சேவலைப் பிடித்து அவளே அவர் கையில் கொடுத்தாள். வாழையிலைக் கட்டைப் பிரித்து எல்லோரும் சாப்பிட்டார்கள். அந்த லாட்ஜில் நன்றாக இருந்தது அது ஒன்றுதான். கிளம்பும்போது நலோங்கோ, "ராத்திரி எல்லாம் வசதியா இருந்துச்சா மகனே?" என்றாள்.

"விருந்தாளியா இருந்தப்போ எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சும்மா. இப்போ மகனாச் சொல்றேன், அந்தத் தலையணையக் கொண்டுபோய்க் கதவுக்கு முட்டுக் கொடுங்க."

பெண் வீட்டில் மச்சான் சேவலை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தான், கொண்டையைத் தடவினான். அது கூவியது. பந்தலே சிரித்தது. உள்ளேயிருந்து பெண் வெளியே வந்தாள்.

சொன்ன சனிக்கிழமைக்கு முன்பே லுப்வாமா ஓர் இளம் சேவலை பஸ்ஸில் அனுப்பிவைத்தார். இப்போதும் அந்தப் பக்கம் பெண் கேட்கப் போனால் வேறெங்கும் தங்க மாட்டார். எதிரிலேயே தண்ணீர் வருகிற புது லாட்ஜ் ஒன்று வந்துவிட்டது. "அம்மா வீடு இங்க இருக்கும்போது அங்க போய்ப் படுத்தா நல்லாவா இருக்கும்?" என்பார்.

தலையணை மட்டும் இன்னும் மாறவில்லை. அதை எடுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, கோட்டைச் சுருட்டித் தலைக்கு வைத்துப் படுத்துக்கொள்கிறார்.